அம்மாவின் கேன்சர் மாத்திரையும் வீட்டு மருந்து டப்பாவும்

"அம்மா இப்போ போடுற மாத்திரை எல்லாத்தையும் எடுத்து மேசைல வைங்க" என்றார் டாக்டர். அப்பா மஞ்சப்பையைக் கவிழ்த்தார். பிரஷர் மாத்திரை, பாதி தீர்ந்த காய்ச்சல் மாத்திரை அட்டை, காலையில் வெறும் வயிற்றில் போடும் கேஸ் மாத்திரை, டிபிக்காகக் கொடுத்திருந்த கூட்டு மாத்திரை, நெஞ்சுச் சளிக்கு நல்லது என்று அத்தை கொடுத்துவிட்ட லேகிய டப்பா. ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துவிட்டு மூன்றைத் தனியாக ஒதுக்கினார். கேஸ் மாத்திரை, டிபி மாத்திரை, லேகியம். "இதெல்லாம் கூடவே போனா நான் எழுதுற மாத்திரை உடம்புல சேராதும்மா. லேகியத்துல என்ன இருக்குன்னு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது."

அம்மாவுக்கு நுரையீரல் புற்றுநோய். கீமோ என்றால் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து, நர்ஸ் பக்கத்தில் நின்று ஏற்றுவார்கள். மாத்திரை அப்படியில்லை, பையில் போட்டு வீட்டுக்குக் கொடுத்துவிடுகிறார்கள், பார்த்துக்கொள்ளும் வேலையும் அதோடு சேர்ந்து வீட்டுக்கு வந்துவிடுகிறது. "மாத்திரைதானே, ஊசி இல்லையே" என்று நாங்களும் முதலில் ஆறுதல்பட்டுக்கொண்டோம். இரண்டு வருடத்தில் தட்டுத்தடுமாறித் தெரிந்துகொண்டதை, இதே பையோடு வீட்டுக்குப் போகிற இன்னொரு குடும்பத்துக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. மருந்தின் அளவை மாற்றுவது, நிறுத்துவது எல்லாம் உங்கள் டாக்டர் சொல்லித்தான்.

அம்மாவுக்கு அப்போது 61 வயது. மணப்பாறைப் பக்கம் கிராமம். பீடி சிகரெட் வாடையே ஆகாது, அப்பாவும் புகை பிடிப்பதில்லை. ஆனால் முப்பது வருடம் விறகடுப்பில் சமைத்தவர். இருமல் வந்தபோது மழைக்கால இருமல் என்று சிரப் குடித்தார், அது நிற்கவில்லை. எக்ஸ்ரேயில் நிழல் தெரிந்ததும் டிபி மாத்திரையைத் தொடங்கிவிட்டார்கள். சளியில் கிருமி இல்லை என்று ரிப்போர்ட் வந்தும் இரண்டு மாதம் அதே மாத்திரைதான். எடை ஆறு கிலோ குறைந்தது, படியேறினால் மூச்சு வாங்கியது. நம் ஊரில் டிபி அதிகம் என்பதால் டாக்டர்கள் முதலில் அங்கே போவது இயல்புதான், யாரையும் குறை சொல்லி இப்போது ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆனால் சளியில் கிருமி இல்லை, மருந்து போட்டும் குறையவில்லை என்றால் சில வாரங்களிலேயே சிடி ஸ்கேன் கேளுங்கள். எங்களுக்கு அந்த இரண்டு மாதம் போனது போனதுதான்.

சிடியில் வலது நுரையீரலில் கட்டி, உறையில் நீர், முதுகெலும்பில் ஒரு புள்ளி. நீரை ஊசி போட்டு எடுத்தார்கள், ஒரு லிட்டருக்கு மேல் வந்தது. அன்று இரவுதான் அம்மா பல நாளைக்குப் பிறகு மல்லாந்து படுத்துத் தூங்கினார். நுரையீரல் அடினோகார்சினோமா, அதாவது நுரையீரல் புற்றுநோயில் ஒரு வகை. வேறு இடத்துக்கும் பரவிவிட்ட நாலாவது ஸ்டேஜ்.

உடனே கீமோவைத் தொடங்கச் சொல்லி உறவுக்காரர்கள் நெருக்கினார்கள். டாக்டர் பத்து நாள் பொறுக்கச் சொன்னார். பயாப்ஸி சதையை மரபணு மாற்றச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். அந்தப் பத்து நாளும் வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. ஆனால் அந்தக் காத்திருப்புதான் மொத்த சிகிச்சையிலும் நாங்கள் செய்த நல்ல காரியம் என்று இப்போது சொல்வேன். ரிப்போர்ட்டில் ஈ.ஜி.எஃப்.ஆர். மரபணுவில் எக்ஸான் 19 நீக்கம் என்று இருந்தது, அதாவது அந்த மரபணுவில் ஒரு சிறு துண்டு விடுபட்டிருக்கிறது. செல்லின் மேலே இருக்கும் ஒரு ஸ்விட்ச் அணையாமல் மாட்டிக்கொண்டு, வளரு வளரு என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது, மாத்திரை போய் அந்த ஸ்விட்சை அணைக்கும். இப்படித்தான் டாக்டர் அம்மாவுக்கு விளக்கினார், அம்மாவுக்கும் புரிந்தது.

ஸ்விட்ச் பழுதாகாத ஆளுக்கு இதே மாத்திரையைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கும் பதில் இருக்கிறது. 2009-இல் வெளிவந்த ஐபாஸ் ஆய்வில் கிழக்கு ஆசியாவில் 1,217 பேரைப் பார்த்தார்கள், பெரும்பாலும் புகை பிடிக்காதவர்கள். மரபணு மாற்றம் இருந்தவர்களுக்கு, ஸ்விட்சை அணைக்கும் ஜெஃபிடினிப் மாத்திரை கீமோவைவிட நன்றாகக் கட்டுப்படுத்தியது, மாற்றம் இல்லாதவர்களுக்குக் கீமோதான் நன்றாக வேலை செய்தது, மாத்திரை போட்டவர்களுக்கு நோய் வேகமாக முற்றியது. அதனால் "அவங்களுக்கு அந்த மாத்திரை கேட்டுச்சாம், நமக்கும் வாங்கிப் பார்ப்போம்" என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். சோதனை முதலில், மாத்திரை அப்புறம்.

எங்களுக்கு எழுதியது ஜெஃபிடினிப் 250 மில்லிகிராம், தினம் ஒன்று. அதைவிடப் புதிய ஓசிமெர்டினிப் பற்றியும் டாக்டர் மறைக்காமல் சொன்னார். இரண்டையும் ஒப்பிட்ட ஃப்ளாரா ஆய்வில், நோய் மறுபடி வளராமல் இருந்த சராசரிக் காலம் பழைய வகை மாத்திரையில் 10.2 மாதம், ஓசிமெர்டினிப்பில் 18.9 மாதம். மும்பை டாடா மெமோரியலில் 350 பேரை வைத்துச் செய்து 2020-இல் வெளியிட்ட ஆய்வையும் சொன்னார். ஜெஃபிடினிப்போடு கீமோவையும் சேர்த்தபோது அந்தக் காலம் 8 மாதத்திலிருந்து 16 மாதமானது, பக்கவிளைவும் கூடியது. அம்மா அப்போது இருந்த நிலையில் கீமோ தாங்காது என்று அவரே தயங்கினார். ஓசிமெர்டினிப்புக்கு எங்களிடம் பணம் இல்லை. ஜெஃபிடினிப்போ இந்தியக் கம்பெனிகள் பல தயாரிப்பதால் மாதம் சில ஆயிரங்களில் முடிந்தது. 2023 பிப்ரவரியில் தொடங்கினோம்.

இப்போது அந்த மேசைக்கு வருகிறேன். ஜெஃபிடினிப் கரைந்து ரத்தத்தில் சேர வயிற்றில் அமிலம் வேண்டும். பான்டொப்ரசோல், ஒமிப்ரசோல் மாதிரியான கேஸ் மாத்திரைகள் அந்த அமிலத்தைத்தான் அடக்குகின்றன. கேன்சர் மாத்திரை பாதி வீணாகப் போகும், வெளியே ஒன்றும் தெரியாது. அம்மா எட்டு வருடமாக யார் எழுதினார்கள் என்றே நினைவில்லாமல் அதைப் போட்டுக்கொண்டிருந்தார், மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமலே கிடைக்கும். எந்த ஆஸ்பத்திரியில் எந்த மாத்திரை எழுதினாலும் கூடவே ஒரு கேஸ் மாத்திரையும் எழுதுகிற பழக்கம் நம் ஊரில் இருக்கிறது, அதனால் இதை இவ்வளவு நீளமாகச் சொல்கிறேன்.

டிபி மாத்திரையில் இருக்கும் ரிஃபாம்பிசின் இன்னொரு வழியில் கெடுக்கும். சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்குமே, அதே மருந்து. அது கல்லீரலை முடுக்கிவிடுவதால் மற்ற மருந்துகள் வந்த வேகத்தில் சிதைந்து வெளியேறிவிடும். நிறுத்திய பிறகும் அந்த வேகம் அடங்க இரண்டு வாரம்போல ஆகும். நெஞ்சு நோய் டாக்டரையும் கலந்து பேசி, டிபி இல்லை என்று உறுதி செய்த பிறகுதான் நிறுத்தினார்கள். நிஜமாகவே டிபி இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாங்களாக நிறுத்திவிடக் கூடாது. வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடாயின், கார்பமஸெபின் இரண்டும் இதே மாதிரி கல்லீரலை முடுக்குபவைதான். மூளைக்குப் பரவி வலிப்பு வந்தவர்களுக்கு அவசரத்தில் ஏதோ ஓர் ஊரில் ஃபெனிடாயின் தொடங்கியிருப்பார்கள். அப்படி இருந்தால் கேன்சர் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள், அதற்கு மாற்று மருந்து உண்டு.

வெயிட்டிங் ஹாலில் பழகிய ஒரு பெரியவர் ரத்தப் புற்றுநோய்க்கு இமாடினிப் போடுகிறவர். சாப்பாட்டோடு, ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடு போட வேண்டும் என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள், அவர் அதை எல்லோருக்கும் அன்பாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு அது சரி. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் போட்டது எர்லோடினிப், அதைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால் அல்லது இரண்டு மணி நேரம் கழித்து, வெறும் வயிற்றில்தான் போட வேண்டும். ஜெஃபிடினிப்பைச் சாப்பிட்டும் போடலாம், சாப்பிடாமலும் போடலாம். பெயர்கள் எல்லாம் 'னிப்' என்று ஒரே மாதிரி முடியும், விதிகள் வேறு வேறு. உங்கள் மாத்திரை பெயரைச் சொல்லி, உங்கள் டாக்டரிடம் கேட்டு, அட்டை மேலேயே பேனாவால் எழுதிக்கொள்ளுங்கள்.

மறதிக்கு அம்மாவே ஒரு வழி வைத்திருந்தார். காலையில் தினசரி காலண்டரில் தேதி கிழிப்பது அவர் வேலை. மாத்திரை போட்ட பிறகுதான் தாளைக் கிழிப்பது என்று மாற்றிக்கொண்டார். நேற்றைய தேதி தொங்கினால் மாத்திரை போடவில்லை என்று வீட்டில் யாருக்கும் தெரியும். ஒரு நாள் கல்யாண வீட்டுக்குப் போய் இரவுதான் நினைவு வந்தது. அடுத்த வேளைக்கு 12 மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால் விட்டுவிட வேண்டும், மறுநாள் வழக்கம்போல ஒன்றுதான், இரண்டாகப் போடவே கூடாது.

மாத்திரை தொடங்கிய பத்தாவது நாள் முகத்தில் பரு மாதிரி கிளம்பியது. மூக்கு, கன்னம், நெஞ்சு, முதுகு என்று மூன்றே நாளில் பரவியது. நான் திருச்சியில் இருந்தேன். போனில் அத்தைதான், "அம்மை போட்டிருக்கு, மாத்திரை மருந்து எதுவும் குடுக்கக் கூடாது" என்றார். நான் ஓடி வந்து பார்த்தபோது நிலையில் வேப்பிலை செருகியிருந்தது, அம்மா ஈர வேட்டி விரித்துப் படுத்திருந்தார், மூன்று நாளாக கேன்சர் மாத்திரை நிறுத்தியிருந்தார்கள். அத்தை மேல் எனக்குக் கோபமே வரவில்லை, அவருக்குத் தெரிந்த வகையில் அவ்வளவு கரிசனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். தவறு என்னுடையது. பரு வரும் என்று டாக்டர் என்னிடம் சொன்னதை வீட்டில் இருப்பவர்களிடம் நான் சொல்லவே இல்லை. அந்த ஸ்விட்ச் தோலிலும் இருப்பதால் இந்த வகை மாத்திரைக்கு இது ரொம்ப சகஜம். வழக்கமான முகப்பருவும் இல்லை, அதனால் பருவுக்கு விற்கும் களிம்புகள் தோலை இன்னும் காய வைத்து எரிச்சலைத்தான் கூட்டும். வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர் காலை மாலை, வெளியே போனால் சன்ஸ்கிரீனும் குடையும், மஞ்சள் பூசுவதும் தேய்த்துக் குளிப்பதும் நிறுத்தம், டாக்டர் எழுதிய டாக்ஸிசைக்ளின் மாத்திரை, ஒரு மெல்லிய ஸ்டீராய்டு களிம்பு. மூன்று வாரத்தில் அடங்கியது. மாய்ஸ்சரைசரை முதல் நாளிலிருந்தே தடவ ஆரம்பியுங்கள், பரு வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

மூன்றாவது மாதம் நகம். கால் பெருவிரல் ஓரம் சிவந்து வீங்கி, செருப்புப் பட்டை பட்டால் உயிர் போகிற வலி. அம்மா சொல்லவே இல்லை. தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போது விரலை மடக்காமல் வைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். கை விரலிலும் வந்திருந்தது. வெள்ளை வினிகரும் தண்ணீரும் சமமாகக் கலந்து தினமும் கால் மணி நேரம் ஊற வைத்து, ஈரம் போகத் துடைத்து, களிம்பு போட்டோம். முன்பக்கம் திறந்த, தளர்வான செருப்பு வாங்கினோம். நகத்தை ஓட்ட வெட்டக் கூடாது, ஓரத்தை நோண்டக் கூடாது. பாத்திரம் கழுவ அப்பாவும் தம்பியும் பழகிக்கொண்டார்கள், இது ஒரு வருடத்துக்கு முன்னால் நடந்திருந்தால் அம்மா எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார்.

வயிற்றுப்போக்குக்கு லோபராமைடும் ஓ.ஆர்.எஸ். பொட்டலமும் வீட்டில் எப்போதும் இருக்கட்டும். எத்தனை தடவை போனால் எத்தனை மாத்திரை என்று முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், நாள் முழுக்கப் போய் மயங்கிய பிறகு கேட்க வேண்டாம்.

ஆனால் பருவோ நகமோ பேதியோ அல்ல, நான் பயந்து கண்காணித்தது மூச்சை. இந்த மாத்திரைகளால் நுரையீரலே அழற்சியாகிவிடுவது அபூர்வமாக நடக்கும், நடந்தால் உயிருக்கு ஆபத்து. திடீரென்று புதிதாக மூச்சு வாங்குதல், வறட்டு இருமல், காய்ச்சல் என்றால் "சளி பிடிச்சிருக்கு, நாளைக்குப் பார்க்கலாம்" என்று விடக் கூடாது. அன்றைக்கே ஆஸ்பத்திரி, கையோடு மாத்திரை அட்டை. ஆக்சிஜன் பார்க்கும் விரல் கிளிப் ஒன்று வாங்கி, அம்மா நன்றாக இருக்கும் நாட்களில் எவ்வளவு காட்டுகிறது என்று குறித்து வைத்தேன். அந்த எண் தெரிந்தால்தான் குறைந்தது தெரியும். இதுவரை அதற்கு வேலை வரவில்லை.

மருந்து வேலை செய்ததா என்றால், செய்தது. மூன்றாவது வாரம் இருமல் பாதியானது. மூன்றாவது மாத ஸ்கேனில் கட்டி பாதிக்கு மேல் சுருங்கியிருந்தது. அம்மா மறுபடி ரேஷன் கடைக்குத் தானே நடந்து போனார். ஊரில் பலர் கேன்சர் இல்லையாம், தப்பான ரிப்போர்ட்டாம் என்று பேசிக்கொண்டார்கள்.

இந்த இடத்தில்தான் குடும்பங்கள் ஏமாறுகின்றன. குணமாகிவிட்டது என்று மாத்திரையை நிறுத்தியவர்களை வெயிட்டிங் ஹாலிலேயே பார்த்திருக்கிறேன். நாலாவது ஸ்டேஜில் மாத்திரை நோயை அடக்கி வைக்கிறது, வேரோடு எடுப்பதில்லை. என்றாவது ஒரு நாள் கட்டி வழி கண்டுபிடிக்கும் என்று டாக்டர் முதல் நாளே சொல்லியிருந்தார். எங்களுக்கு அந்த நாள் பதினைந்து மாதம் கழித்து, 2024 மே மாத ஸ்கேனில் வந்தது. கல்லீரலில் ஒரு புதுப் புள்ளி.

ஊர் திரும்பும் வழியெல்லாம் அம்மா ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தார். மணப்பாறை தாண்டியதும், "மாத்திரை தோத்துருச்சா பாப்பா?" என்று கேட்டார். "இன்னொரு டெஸ்ட் இருக்கும்மா" என்று சொல்ல முடிந்தது, அது பொய்யில்லை என்பதால் குரல் உடையாமல் சொன்னேன்.

ஜெஃபிடினிப் வகை மாத்திரைகள் கேட்காமல் போகிறவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு, அதே மரபணுவில் டி790எம் என்று இரண்டாவதாக ஒரு மாற்றம் வந்திருக்கும். அதற்கு ஓசிமெர்டினிப் கேட்கும். ரத்தத்தை எடுத்தே சோதிக்கலாம். எங்களுக்கு ரத்தத்தில் இல்லை என்று வந்தது. அத்தோடு விட்டிருப்போம், டாக்டர்தான் விடவில்லை. ரத்தத்தில் தெரிந்தால் நம்பலாம், தெரியவில்லை என்றால் சதையில் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று கல்லீரல் புள்ளியில் ஊசி போட்டு எடுத்தார். அதில் இருந்தது. ரத்தச் சோதனையில் இல்லை என்று வந்ததும் கதவை மூடிவிடாதீர்கள்.

பணம்தான் பெரிய மலை. ஓசிமெர்டினிப் 80 மில்லிகிராம், அச்சிட்ட விலைக்கு வாங்கினால் மாதச் செலவு லட்சத்தைத் தாண்டும். கம்பெனியே நடத்தும் நோயாளி உதவித் திட்டத்துக்கு ஆஸ்பத்திரி மூலமாக விண்ணப்பித்தோம். சில மாதத்துக்கு வாங்கினால் மீதியை இலவசமாகத் தருகிற மாதிரி ஏற்பாடு, வருமானச் சான்று, பயாப்ஸி ரிப்போர்ட், டாக்டர் கடிதம் எல்லாம் கேட்டார்கள். அதற்கே நகையை அடகு வைத்தோம். 2024 ஜூலை பட்ஜெட்டில் இந்த மருந்துக்கு இறக்குமதிச் சுங்க வரியை எடுத்தார்கள், அதே ஆண்டில் ஜிஎஸ்டியும் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக இறங்கியது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் ஆஸ்பத்திரியில் இருக்கும் காப்பீட்டு கவுண்டரில் உங்கள் மருந்தின் பெயரைச் சொல்லி நேராகக் கேளுங்கள், முதல் நாளே கேளுங்கள். வாட்ஸ்அப்பில் "பாதி விலைக்கு வெளிநாட்டிலிருந்து வரவழைத்துத் தருகிறோம்" என்று எனக்கும் செய்தி வந்தது. பில் இல்லை, பேட்ச் எண் கேட்டால் பதில் இல்லை. அந்தத் துணிச்சல் எனக்கு வரவில்லை.

புது மாத்திரைக்குப் புது விதிகள். ஓசிமெர்டினிப்புக்குக் கேஸ் மாத்திரை தடையில்லை. ஆனால் இது இதயத் துடிப்பின் மின்னோட்டத்தைக் கொஞ்சம் மாற்றலாம், அபூர்வமாக இதயத்தின் பலத்தையும் குறைக்கலாம் என்பதால் தொடங்குவதற்கு முன் ஈசிஜி, எக்கோ, அப்புறம் சில மாதத்துக்கு ஒரு தடவை. அந்த மின்னோட்டத்தில் கை வைக்கும் வேறு மருந்துகளும் உண்டு, அசித்ரோமைசின் அதில் ஒன்று. தொண்டை வலி என்று தெருமுனை கிளினிக்குக்குப் போனால் முதலில் எழுதுவது அதைத்தான். வாந்திக்குக் கொடுக்கும் ஒன்டான்செட்ரானும் அப்படியே. அதனால் அம்மாவின் எல்லா மருந்துப் பெயரும் எழுதிய ஒரு தாளை லேமினேட் செய்து அவர் பர்ஸில் வைத்திருக்கிறேன், கேன்சர் மாத்திரை பெயரைப் பெரிய எழுத்தில். எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் அதை நீட்டச் சொல்லியிருக்கிறேன். ஒரு தடவை கிளினிக் டாக்டர் அதைப் பார்த்துவிட்டு எழுதிய மருந்தை அடித்து வேறு எழுதிக் கொடுத்தார்.

புது மாத்திரை தொடங்கி இப்போது ஒன்பதாவது மாதம். கல்லீரல் புள்ளி தெரியவில்லை, நுரையீரலில் இருப்பது அசையாமல் இருக்கிறது. பரு முன்பைவிட ரொம்பக் குறைவு, நகம் மட்டும் அவ்வப்போது தொல்லை கொடுக்கிறது. அடுத்த ஸ்கேன் வருகிற வியாழக்கிழமை. டாக்டரிடம் கேட்க வேண்டியதை எழுதி வைக்கும் நோட்டில் நான் இரண்டு கேள்வி எழுதியிருந்தேன். கீழே அம்மா தன் கையெழுத்தில் மூன்றாவதாக ஒன்று சேர்த்திருக்கிறார்: தம்பி கல்யாணத்துக்கு விரலில் மருதாணி வைக்கலாமா, நகத்துக்கு ஒன்றும் ஆகாதே?